இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. அடுத்தவன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கடைக்குள் நின்றே சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஏச்சு வாங்கியதால் அது பொய்யாகிவிடாது.

ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்துக்கு ஒரு தெரு தள்ளி இருந்தது கடை. எழுபதுகளின் நடுவில் அங்கே வேலை பார்த்தேன். முன்பக்கம் முழுக்க மீன்பிடிச் சாமான்: வலை, தூண்டில், நைலான் கயிறு, போட் எஞ்சின் உதிரிகள். உள்ளே கண்ணாடி அலமாரியில் வேட்டைத் துப்பாக்கிகள். முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். வலை அவன் ரத்தத்தில் இருந்தது. அரபியும் நன்றாகப் பேசுவான். துப்பாக்கிகள் என் பொறுப்பு. பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன் நான். எனக்குத் தெரிந்தது துப்பாக்கியும் பட்டாளத்து இந்தியும்தான். இனிக்க இனிக்கப் பேச அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம் ஓர் அரபிக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒடிசலான மனிதர். இளம் வயதில் பாய்மரக் கப்பலில் பம்பாய்க்குப் போய் வந்தவர் என்பதால் இந்தி சரளமாகப் பேசினார். இப்போது தண்ணீர் லாரிகள் வைத்திருந்தார். பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். வலது நெற்றிப்பொட்டில் காசு அகலத்துக்குப் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது.

"பையனுக்கு முதல் துப்பாக்கி. மான் வேட்டைக்கு" என்றவர், அலமாரியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டினார். மேலே நீளமான டெலஸ்கோப் வைத்தது.

"அது ஒட்டகத்தைச் சுடறதுக்கு" என்றேன்.

முன்பக்கத்தில் நாகர்கோவில்காரன் வேண்டுமென்றே இருமினான்.

"எங்கப்பா எனக்கு வாங்கித் தந்ததும் பெரிசுதான்" என்றார் அவர்.

"தோள் வீங்கலையா உங்களுக்கு?"

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வீங்கிச்சு. வீக்கம் வத்தினதுக்கு அப்புறமும் சுடும்போதெல்லாம் கண்ணை மூடிக்குவேன். அந்தப் பழக்கம் போறதுக்குள்ள பெரும்பாடாப் போச்சு."

"அதைத்தான் மகனுக்கும் வாங்கித் தரப் போறீங்களா?"

அந்தப் பக்கத்து மான் ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அதற்குச் சின்னத் தோட்டா தாராளம். பெரிய துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையில் பழகாத பையன் பயப்படுவான். ஒரு முறை பயந்தவன் விசையை இழுக்கிற நொடியில் கண்ணை மூடுவான், கையை ஆட்டுவான். குண்டு மானின் வயிற்றில் பாயும். அது நாள் முழுக்க ஓடி எங்கோ கிடந்து சாகும். இதை நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். வேட்டை தெரிந்தவர். என்னை விட ஆயிரம் மடங்கு தெரிந்தவர். மகன் என்று வந்தபோது புத்தி பெரிய துப்பாக்கிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சின்னதாக ஒன்றை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். தோளில் வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது.

"குளிர்காலத்துல என்ன போடுவான்?" என்று கேட்டேன்.

"கம்பளிக் கோட்டு. ஏன்?"

"அதை எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க."

அவர்கள் போனதும் நாகர்கோவில்காரன் உள்ளே வந்தான். "அண்ணாச்சி, வாங்க வந்த ஆள வெரட்டுததுல ஒம்ம மிஞ்ச இந்தக் கல்ஃபுலயே ஆள் கெடையாது. இந்த வெக்கையில கோட்டு கேக்குதீரே, நல்லாத்தான் இருக்கீரா?"

"நீ வலைய மட்டும் பாரு."

மெல்லிய கந்தூரா அங்கியில் நின்று அளவு பார்த்து வாங்கிப் போவார்கள். பனிக்காலத்தில் தடித்த கோட்டுக்கு மேல் வைக்கும்போது பின்கட்டை நீளமாகிவிடும், அக்குளில் சிக்கும். பிறகு துப்பாக்கி சரியில்லை என்று என்னிடம் வந்து கத்துவார்கள். அதற்குப் பதில் முதலிலேயே நான் கத்திவிடுவது நல்லது.

மறுநாள் வந்தார்கள். ஜன்னல் ஏ.சி. முக்கிக்கொண்டு ஓடியது. பையன் முழங்கால் வரை வரும் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நின்றான். மீன்வலை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நினைத்தது போலவே கட்டை சிக்கியது. கட்டை குட்டையான இன்னொன்றைக் கொடுத்தேன். அது சட்டென்று தோளில் உட்கார்ந்தது. தகப்பனுக்கும் திருப்தி. அதன் டெலஸ்கோப் வழியாகத் தெருவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன்.

அப்போதுதான் கவனித்தேன். துப்பாக்கி வலது தோளில் இருந்தது. ஆனால் பையன் கன்னத்தைக் கட்டையில் வைக்கவில்லை. கட்டையைத் தாண்டிக் கழுத்தை வளைத்து, இடது கண்ணைக் கொண்டுபோய் டெலஸ்கோப்பில் வைத்தான். தகப்பன் அந்த நேரம் தோட்டாப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கண்ணால பாரு" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பாமலே, உதட்டை அசைக்காமல், லாரி டிரைவர்களிடம் பழகிய இந்தியில் சொன்னான்: "பாயி, அப்பாகிட்ட சொல்லாதே."

தழும்புக்கு அர்த்தம் புரிந்தது. சின்னப் பிள்ளையில் கண் நோய் வந்திருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நெற்றிப்பொட்டில் சூடு வைத்திருக்கிறார்கள். சீழும் சிவப்பும் போயிருக்கின்றன. கண் சரியாகிவிட்டது என்று வீடே நம்பிவிட்டது. பையன் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் வளர்ந்திருக்கிறான். இதில் அவர்களைப் பழிக்க எனக்கு வாயில்லை. கண் வலித்தால் தாய்ப்பாலைப் பீச்சுகிற ஊரில் பிறந்தவன்தான் நானும்.

தகப்பன் காசு எடுக்க வண்டிக்குப் போன இடைவெளியில் பையனிடம் ஏன் என்று கேட்டேன். படபடவென்று சொன்னான். முதல் தடவை வேட்டைக்கு வருகிறவனுக்குத்தான் முதல் குண்டு. பெரியவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சித்தப்பா மகன் போன வருஷமே போய்விட்டு வந்துவிட்டான். ஒரு கண் இல்லாதவன் கையில் யார் துப்பாக்கி கொடுப்பார்கள்? தெரிந்தால் இந்த வருஷம் மட்டும் இல்லை, எந்த வருஷமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பாலைவனத்தில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்து எடுத்துக்கொள்வதாகத் தகப்பன் சொல்லிவிட்டுப் போனார். நானும் கூட வர வேண்டும் என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது நாகர்கோவில்காரனிடம் சொன்னேன்.

"பேசாம இரும் அண்ணாச்சி. அவன் கண்ணு, அவன் அப்பன். ஒமக்கு எதுக்கு இந்தச் சோலி?"

"மான்னு நெனச்சு நாளைக்கு அவன் மாமனைச் சுட்டுட்டா?"

"மாமனைத்தானே? அப்படியே ஊர்ல எனக்கு ஒரு மாமன் இருக்காரு. அவரையும் சேத்துச் சுடச் சொல்லும்."

"வெளையாடாதடே."

"வெளையாடல. நீரு சொன்னா அந்தப் பயலுக்கு வேட்டை போச்சு, நமக்கு வியாபாரம் போச்சு. மொதலாளி ரெண்டு பேரையும் சேத்துத்தான் ஏசுவாரு. சோத்தத் தின்னும்."

சோற்றைத் தின்றேன். நடுவில் மடங்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்று கடையில் விற்காமல் கிடந்தது. அதில் தோட்டா ஏற்ற வலது பக்கம் இழுக்கிற போல்ட் கிடையாது. எந்தத் தோளுக்கும் பொருந்தும். அதைப் பையன் தலையில் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் அத்தனை பெரியவர்கள் நடுவில் அவன் எப்படி இடது தோளில் வைப்பான்? அங்கே வலது கையால்தான் சாப்பாடு, வலது கையால்தான் காபிக் கிண்ணம். இதை ஒளித்து வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அந்த மடக்குத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தகப்பன் கேட்டார். முதலாளி காட்டச் சொன்னார் என்றேன்.

தைத் ஊருக்குப் போகும் சாலையைத் தாண்டி உள்ளே போனோம். அங்கே நிற்கிற காஃப் மரம் வேறொன்றும் இல்லை, எங்கள் ஊர் வன்னி மரம்தான். அதன் முன்னால் பால்பவுடர் டின் ஒன்றை வைத்துவிட்டு அவர் தள்ளி வந்தார். முதலில் அவரே சுட்டார். டின் பறந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். டெலஸ்கோப்பை நான் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பையன் சுட்டான். மணல் எழும்பியது. மறுபடியும் மணல். மறுபடியும்.

"பதறாதே. இன்னும் கிட்டே கொண்டு போ கண்ணை" என்றார் தகப்பன், எனக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே. அவனும் கழுத்தை இன்னும் வளைத்துப் புருவத்தை டெலஸ்கோப் விளிம்பை ஒட்டிக் கொண்டுபோனான். அடுத்த உதையில் புருவம் கிழிந்துவிடும். நான் போய்க் குழலைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"இவனுக்கு வலது கண்ணு தெரியாது" என்றேன்.

பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கையில் இருந்தது தோட்டா போட்ட துப்பாக்கி. குழலை நான் விடவில்லை.

"அந்தக் கண்ணுக்கு வைத்தியம் ஆயிடுச்சு. என் முன்னாலதான் சூடு வெச்சாங்க. சரியாப் போச்சு" என்றார் அவர்.

"சரியாப் போகலை. அவனையே கேளுங்க."

அரபியில் கேட்டார். பையன் மணலைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். எனக்கு அரபி தெரியாது. அந்த வார்த்தைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

அவர் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை எடுத்தார். பிறகு தன் உள்ளங்கையால் மகனின் இடது கண்ணைப் பொத்தி, மரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். பையன் தெரியவில்லை என்று தலையை ஆட்டினான். கையை அவர் எடுக்கவில்லை. சோதித்துப் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றார் என்றுதான் நினைக்கிறேன்.

கலாஸ், முடிந்தது, வண்டியில் ஏறுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிக்கப் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு எழுந்து, அதே துப்பாக்கியில் தோட்டா போட்டுத் தன் இடது தோளில் வைத்தார். அது பழகாத தோள். போல்டை இழுக்க இடது கையை மேலே வளைத்துத் தடுமாறினார். சுட்டார். டின்னுக்கு எங்கேயோ தள்ளி மணல் எழும்பியது.

பையன் வாயைத் திறந்தபடி நின்றான். தகப்பன் குறி தவறி அவன் பார்த்ததே இல்லையாம்.

"கஷ்டம்தான்" என்றார் அவர் என்னிடம். "உன் முதலாளி காட்டச் சொன்னதை எடு."

மடக்குத் துப்பாக்கியை எடுத்து வந்தேன். "இடது தோளில வெச்சா கூட வர்றவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன். எனக்கு மனதில் இருப்பதைக் கேட்காமல் இருக்கத் தெரியாது.

"சாப்பாட்டுக்குத்தான் வலது கை. துப்பாக்கியால இவன் சோறா தின்னப் போறான்?" என்று எரிந்து விழுந்தார். பிறகு மகனிடம் நீட்டி, அவனுக்கும் இந்தியிலேயே சொன்னார். "இதுல ஒரே குண்டு. தப்பினா மான் நிக்காது."

அதன் மேலிருந்த டெலஸ்கோப்பை வேண்டாம் என்று அவரே கழற்றி வைத்தார். பையன் இடது தோளில் வைத்தான். கன்னம் கட்டையில் தானாகவே படிந்தது. முதல் குண்டு டின்னுக்கு முன்னால் மணலில் விழுந்தது. அடுத்தது டின்னை ஓட்டை போட்டது. அதற்கடுத்ததும். கடையிலேயே விலை குறைந்த துப்பாக்கி அது, அதைத்தான் வாங்கிக்கொண்டார். முதலாளி அதற்கு என்னை ஏசினார். ஏசட்டும்.

குளிர் முடிகிற நேரம் தகப்பனும் மகனும் கடைக்கு வந்தார்கள். தகப்பன் நேராக என்னிடம் வந்து, முதல் குண்டிலேயே மான் விழுந்தது, அதன் தோளுக்குப் பின்னால் சுத்தமான அடி என்றார்.

"இடது தோளைப் பத்தி யாரும் கேக்கலையா?"

"என் தம்பி கேட்டான். நான்தான் அப்படிப் பழக்கினேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு முன்பக்கம் போய்ப் போட் கயிறு பார்க்க ஆரம்பித்தார். பையன் அங்கேதான் நாகர்கோவில்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு அவனிடம் காலித் தோட்டாப் பெட்டியை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அரபியில் ஏதோ சொல்லி என் பக்கம் கை காட்டினான். பையன் நகரவில்லை. தூண்டில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வேறு வழியில்லை என்றானதும் வந்து, காலிப் பெட்டியை என் முன்னால் கண்ணாடிமேல் வைத்தான்.

புதுப் பெட்டியை எடுத்து வைத்தேன்.

"நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றான் இந்தியில், குரலைத் தாழ்த்தி. "நானே சொல்லியிருப்பேன்."

"எப்போ?"

யோசித்தான்.

"அடுத்த வருஷம்" என்றான்.

பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தகப்பனிடம் போய்விட்டான்.