படகில் தூங்கியவரை எழுப்பிய ஆள்

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்துவிட்டால் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம். மைன்ஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே பூனைபோல நடக்கப் பழகியவர்கள்தான்.

சத்தம் போட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு நாகர்கோவில் ஆண்ட்டியிடம் போய்விடுவேன். அவர்கள் கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. கொந்தளிக்கிற கடல், கவிழப் போகிற படகு, அதில் அலறுகிற ஆட்கள். நடுவே ஏசு மட்டும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த உலுக்குகிற ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தவரப் போய் எழுப்பலாமா ஆண்ட்டி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

ஆண்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டார்.

"அந்த ஆளுங்க கையெல்லாம் எங்க போய் முடியுது பாரு மக்ளே. எல்லாம் அவரு மொகத்துகிட்டதான். வெளிச்சமும் அங்கதான் விழுது. வரைஞ்சவரு நம்ம கண்ணையும் அங்கயே கொண்டுபோய் விடுறாரு. எழுப்புற ஆளு மொகத்துல கோவமா இருக்கு?"

உற்றுப் பார்த்தேன். கோபம் இல்லை. பயம் இருந்தது, இவர் எழுந்துவிட்டால் போதும் என்கிற நம்பிக்கையும் இருந்தது. ஆனாலும் எழுப்பினது தப்புதான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஒருநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சரிந்தாள். கத்தாமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாவ எழுப்பாத, இப்பதான் படுத்தாரு. ஆண்ட்டியக் கூப்பிடு."

ஆண்ட்டி வீடு பூட்டியிருந்தது. திரும்பி ஓடிவந்து அப்பாவின் கட்டிலருகே நின்றேன். கை வரவில்லை. அம்மா முனகுவது கேட்டது. சட்டென்று படத்தில் இருந்தபடியே தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அப்பா எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தார். கட்டியிருந்த லுங்கியோடு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தங்கை பிறந்தாள். குச்சி மாதிரி இருந்தாலும் அழுகை நன்றாகவே கேட்டது. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

அம்மாவும் தங்கையும் வீடு வந்த பிறகு, ஷிஃப்ட் முடிந்து வந்தும் அப்பா படுக்கமாட்டார். அம்மாவையும் குழந்தையையும் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் எழுப்பியதில்தான் அவர் தூக்கம் அடியோடு கெட்டுவிட்டது என்று நினைத்து, பல நாள் அவர் கண்ணில் படாமலே திரிந்தேன்.