போக்னா கோபுரம் ஏறிய ஞாயிறு

தோருன் நகரத்து டிராம் ஓட்டுநர்களில் போக்னாவின் குரல் பிரசித்தம். கதவருகே கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றால் மற்ற ஓட்டுநர்கள் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். போக்னா தன் ஓட்டுநர் அறைக் கதவை ஒரு சாண் திறந்து, "உள்ள நகருங்க மக்களே, நடுவுல ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம் காலியா கிடக்கு!" என்று ஒரு அதட்டல் போடுவாள். வண்டி முழுக்கச் சிரித்துக்கொண்டே நகரும்.

ஆனால் வீட்டுக்குள் அந்தக் குரல் எழும்பவே இல்லை. நாற்பத்தாறு வயதில் கல்யாணமாகிப் போன வீடு அது.

அவள் பிறந்தது பழைய நகரத்துக்குள், பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கூரையை ஒட்டிய சின்ன வீட்டில். அப்பா புகைபோக்கி சுத்தம் செய்கிறவர். ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் கை கால் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். போக்னாதான் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்து, இடையில் வேலைக்கும் போய் வந்தாள். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்ததோடு எழுந்து போனார்கள். அப்பா கண்ணை மூடியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றார். நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு அறைக்குக் குடிபோனாள். அதற்குப் பிறகு பழைய நகரம் அவளுக்கு டிராம் கண்ணாடி வழியாகத் தெரிகிற ஒரு செங்கல் சுவர்தான்.

தீமோன் பேக்கரியில் இரவு வேலை பார்க்கிறவர். விடிகாலை முதல் டிராமில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசி நிறுத்தமும் வந்துவிடும். போக்னா போய் எழுப்புவாள். மூன்றாவது தடவை, "இங்க பாருங்க, அடுத்த தடவ வண்டிய ஷெட்டுக்குக் கொண்டுபோனா உங்களையும் சேர்த்துக் கழுவிடுவாங்க" என்றாள். அவர் முழித்துப் பார்த்து, பையிலிருந்து சூடு ஆறாத ஒரு பன்னை எடுத்து நீட்டினார். அவருடைய மனைவி லிடியா புற்றுநோயில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

மார்ச்சில் கல்யாணம். பதினாலு வயது யகோதா தலைவலி என்று சொல்லி வரவில்லை. ஆறு வயது யூரெக் மோதிரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கே "சித்தி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

யகோதா சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டம். வீட்டுக்கு வாடகைக்கு வந்தவரிடம் பேசுகிற மரியாதையோடு பேசினாள். "உப்பு கொஞ்சம் தர முடியுமா? நன்றி." ஒருநாள் போக்னா தெரியாமல் அலமாரியிலிருந்த நீலக் கோப்பையில் காப்பி குடித்துவிட்டாள். அது லிடியாவுடையது. யகோதா அதைக் கழுவித் துடைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். போக்னா அன்றிலிருந்து அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் யாருடையது எது என்று யோசித்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு தீமோன், "ஊர் ஊரா இருந்து ஜனங்க வந்து பழைய நகரத்தப் பார்க்கிறாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு நாம பார்க்கறதே இல்ல. இன்னிக்கு ஒரு நாள் நாமளும் டூரிஸ்ட்டா சுத்தலாம்" என்றார். யூரெக் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். யகோதா காதில் இயர்போனோடு வந்தாள்.

பாலத்தில் நடந்து விஸ்துலா ஆற்றைத் தாண்டி, சந்தை சதுக்கத்துக்கு வந்ததும் யூரெக் வெண்கலக் கழுதைச் சிலை மேல் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, முதுகு கத்தி மாதிரி இருக்கு!"

"அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. அந்தக் காலத்துல தப்பு பண்ற சிப்பாய இந்த மாதிரிக் கழுதை மேலதான் உட்கார வெப்பாங்க. கால்ல கல்லு வேற கட்டி விடுவாங்க" என்றாள் போக்னா.

"அப்பாவ உட்கார வைங்க. நேத்து என் ஐஸ்கிரீமத் தின்னாரு."

தீமோன் உட்கார்ந்து, "ஐயோ செத்தேன்" என்று நடித்தார். யகோதா ஒரு இயர்போனைக் கழற்றிச் சிரித்தாள். போக்னாவுக்கு மனசு லேசாகிவிட்டது. தெருவெல்லாம் இஞ்சிக் கேக்கு வாசனை. சிறுபிள்ளையாய் ஓடின தெருக்களில் தான் ஒரு குடும்பத்தோடு நடக்கிறோம் என்கிற நினைப்பே அவளுக்குப் புதுசாக இருந்தது.

சாய்ந்த கோபுரத்துக்கு வந்தார்கள். அங்கே எல்லோரும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. சாய்ந்த சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று கையை முன்னால் நீட்ட வேண்டும். விழாமல் நிற்பவர் பாவம் செய்யாதவர். தீமோன் நின்றார், உடனே முன்னால் விழுந்தார். யூரெக் வேண்டுமென்றே மூன்று தடவை விழுந்தான். யகோதா ஒரு நொடி நின்று தடுமாறினாள்.

"நீங்க நில்லுங்க பார்க்கலாம்" என்றாள் போக்னாவிடம்.

பள்ளிக்கூட நாளில் போக்னா தினமும் விளையாடிய சுவர் அது. மூச்சை உள்ளே இழுத்து, கையை நீட்டி, ஆடாமல் நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன்காரர் கைதட்டினார்.

யகோதா சொன்னாள்: "அடுத்தவங்க வீட்ல வந்து அடுத்தவங்க இடத்துல உட்கார்ந்தவங்களே நிக்கிறாங்க. இந்தச் சுவருக்குக் கண்ணு தெரியல போல."

கைதட்டிய ஜெர்மன்காரருக்கு மொழி புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்தன. மெல்ல நகர்ந்துவிட்டார்.

"யகோதா! மன்னிப்புக் கேளு" என்றார் தீமோன்.

"விடுங்க, தீமோன்."

"என்ன விடுறது? கேளுடி இப்ப!"

யகோதா விறுவிறுவென்று சந்தில் திரும்பிப் போய்விட்டாள். தீமோன் பின்னால் ஓடப் பார்த்தார். வருஷக்கணக்காய் அடுப்பு முன்னால் நின்ற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போக்னா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். கோட்டில் ஒட்டியிருந்த செங்கல் தூசியைத் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

சதுக்கத்து நீரூற்று விளிம்பில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது தீமோனின் போன் அடித்தது.

"அப்பா..." யகோதாதான் பேசினாள். "சதுக்கத்து நகரமன்றக் கோபுரத்துல இருக்கேன். இறங்க முடியல. கால் வர மாட்டேங்குது. கீழ பார்த்துட்டேன். மேலயும் ஆளு, கீழயும் ஆளு. எல்லாரும் கத்துறாங்க."

தீமோன் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். போக்னா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"யூரெக்கப் பிடிச்சுக்கங்க. நான் போறேன்."

"உன்னப் பார்த்தா அவ இன்னும்..."

"கோவப்படட்டும். கோவம் வந்தா கால் தானா நகரும்."

கோபுரத்துக்குள் செங்கல் படிகள் முடிந்து மரப்படிகள் தொடங்கும் இடத்திலேயே கூட்டம் முட்டி நின்றது. ஒருவர் ஏறினால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்தான். மேலே யாரோ, "பாப்பா, நகரும்மா, எங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று கத்தினார். கீழே இருந்தவர்கள் மேலே தள்ளினார்கள். யகோதா கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, படியில் சுருண்டிருந்தாள்.

அப்போது எழும்பியது போக்னாவின் குரல்.

"பெரியோர்களே, மேல இருக்கிறவங்க மறுபடி மேலயே போங்க! காத்து வாங்குங்க, போட்டோ எடுங்க! கீழ இருக்கிறவங்க கீழ இறங்கி நில்லுங்க! இந்த வண்டி இப்ப இங்க நிக்குது. கிளம்பறப்ப நானே சொல்றேன்!"

"நீங்க யாரு?" என்றது ஒரு குரல்.

"டிரைவர்!"

அந்தப் பதிலில் என்ன இருந்ததோ, கூட்டம் கலைந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஏறியவர்கள் ஏறினார்கள், இறங்கியவர்கள் இறங்கினார்கள். படியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

போக்னா யகோதாவுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா ஏன் வரல?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள் யகோதா.

"வந்திருந்தா அவரத் தூக்கிட்டு இறங்க இன்னும் நாலு பேரு வேணும்."

"அம்மாவா இருந்தா இந்நேரம் என்னத் திட்டியிருப்பா."

"நானும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

யகோதா ஒரு கண்ணைத் திறந்தாள். "உங்களுக்குப் பயமே இல்லையா?"

தீமோனிடம்கூடப் போக்னா முழுசாகச் சொல்லாத ஒன்று அது. யகோதாவிடம் சொன்னாள்: "ஒரு பிப்ரவரி. பனி கொட்டுது. நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு வயசானவர் தண்டவாளத்துல கால வெச்சுட்டாரு. பிரேக்க அழுத்தினேன். வண்டி வழுக்கிக்கிட்டே போச்சு. அவரு பொழச்சுக்கிட்டாரு. கால் மட்டும் ஒடஞ்சுது. என் மேல தப்பில்லன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அப்புறம்?"

"திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் வண்டில ஏறி வாந்தி எடுத்தேன்."

"சீ!"

"ரெண்டாவது நாளும் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் ஷூ மேல."

யகோதாவுக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தாள். துடைக்க ஒரு கை கைப்பிடியை விட்டிருந்தது.

"இப்ப சரியாயிடுச்சா?"

"இல்ல. அந்த நிறுத்தம் வந்தா இன்னும் கை வேர்க்கும். வேர்த்துட்டுப் போகுதுன்னு ஓட்டுறேன்." போக்னா எழுந்து நின்றாள். "இப்ப நான் பின்பக்கமா இறங்கறேன். நீ என் மூஞ்சிய மட்டும் பாரு. பிடிக்கலேன்னாலும் பாரு."

அப்படியே இறங்கினார்கள். போக்னா காலால் படியைத் தடவித் தடவி ஒவ்வொன்றாய் இறங்க, யகோதா அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "அந்தச் சுவர்கிட்ட நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வேணாம். கீழ போய்ச் சொல்லு. கால் எங்க வெக்கறன்னு பாரு."

கீழே வந்ததும் யகோதா சொல்லவில்லை. காத்திருந்த கூட்டம் கைதட்டியது. அவள் வெட்கத்தில் சிவந்து, ஓடிப்போய் அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தீமோன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். யூரெக் இருவரின் இடுப்பையும் கட்டிக்கொண்டான். போக்னா வாசற்படியில் நின்றாள். அந்த மூன்று பேரின் வட்டத்தில் எங்கே நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே பார்த்து, "கிளம்பலாம், வண்டி போகலாம்!" என்று கூட்டத்துக்குக் குரல் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் சாதாரண உணவகம் ஒன்றில் புளித்த மாவு சூப்பும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சாப்பிட்டார்கள். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த யகோதா, கோட்டு மாட்டியபடி கேட்டாள்: "நீங்க பிறந்த வீடு இங்கதான்னு அப்பா சொன்னாரு. எந்தத் தெரு?"

போக்னா அதைப் பார்க்கப் போக நினைத்திருக்கவில்லை. போனார்கள். கதவில் எண் அழுத்தும் பூட்டு. சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகளாக மாற்றியிருந்தார்கள். உள்ளே போக வழியில்லை. நாலு பேரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கூரைச் சன்னலில் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"அங்கயா? உங்க அப்பாவ அங்க இருந்து எப்படிக் கீழ கூட்டிட்டு வருவீங்க?"

"கூட்டிட்டு வரவே இல்ல. கடைசி வரைக்கும் மேலதான் இருந்தாரு. சன்னல் பக்கத்துல கட்டிலப் போட்டு வெச்சேன்."

"எத்தன வருஷம்?"

"நிறைய."

யகோதா துண்டு ஆடிய சன்னலையே பார்த்தாள். அம்மா படுத்திருந்த கடைசி மாதங்களில் கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தியது அவள்தான். அதை அன்றைக்குச் சொல்லவில்லை. பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னாள்.

மறு வாரம் பள்ளி விடுகிற நேரம். போக்னா வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் கூட்டமாய் ஏறினார்கள். அதில் யகோதா. வழக்கமாக அவள் பஸ்ஸில் போகிறவள். ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி இங்க ஏறின? உன் வீடு அந்தப் பக்கமாச்சே" என்றாள் அவளோடு வந்த பெண்.

"இத ஓட்டுறது எங்க வீட்டு ஆளு."

கதவருகே கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. போக்னா வாயைத் திறப்பதற்குள் யகோதா திரும்பி, "உள்ள நகருங்கப்பா, எவ்வளவு இடம் கிடக்கு!" என்று ஒரு அதட்டல் போட்டாள். குரல் பாதியில் கீச்சிட்டது. போக்னா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, மணியடித்து வண்டியை எடுத்தாள்.