பேருந்துக் கம்பியில் தொங்கிய ஜீன்ஸ்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜீன்ஸ், டீ-ஷர்ட் கடை வைத்திருந்தேன். கல்லூரிப் பையன்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கடையை மூடிவிடலாமா என்றிருந்தபோதுதான், கடைகளை உள்ளே அழகாக அமைத்துத் தரும் ஒருவரை நண்பர் அழைத்துவந்தார்.

கட்டம் போட்ட லுங்கி, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். காகிதத்தில் எதையும் வரையமாட்டார், தரையில்தான் வரைவார். முதல் நாள் முழுக்க எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வந்து சொன்னார்:

"கதவுதான் சார் பேஜாரு. நகைக்கடை மாதிரி கீது. செருப்பைக் கழட்டணுமான்னு பசங்க யோசிச்சுகினு நிக்கிறாங்க."

கண்ணாடிக் கதவையும் நீளமான கவுன்ட்டரையும் எடுத்துவிட்டார். பழைய பேருந்தின் கைப்பிடிக் கம்பிகளை வாங்கிவந்து கூரையில் பொருத்தி, ஜீன்ஸ்களை அவற்றில் தொங்கவிட்டார். அந்த வாரமே பையன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரட்டையடித்தபடி துணி எடுத்தார்கள். கடை பிழைத்துக்கொண்டது.

"உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்குங்கண்ணா" என்றேன்.

எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, இருப்பதிலேயே சிறிய அளவை எடுத்தார்.

"இது யாருக்குண்ணா?"

"என் பொண்ணுக்கு சார். காலேஜ் போவுது. ரொம்ப நாளா கேட்டுகினு கீது. வூட்ல கத்துவாங்க. நான் பாத்துக்கறேன்."

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. அந்த வருடங்களில் ரயில் பிளாட்பாரத்தில் ஜீன்ஸ் அணிந்த பெண் யாராவது எதிரே வந்தால், இவள் அவருடைய மகளாக இருப்பாளோ என்று ஒரு கணம் நின்றுவிடுவேன்.