கும்பத்துக்கு எரித்த எள்ளெண்ணெய்

நான் வாழும் இந்த வடநோர்வே மீன்பிடி ஊரில் கார்த்திகை பிறந்து சில நாளில் சூரியன் மறைந்தால், தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் மறுபடி முகத்தைக் காட்டும். இந்த இடைக்காலத்தை இவர்கள் மொர்க்கெதீட் என்கிறார்கள். இருட்டுக் காலம் என்று பொருள். தொழிற்சாலைக்கு மீன் வெட்டப் போகும்போதும் இருட்டு, மத்தியானம் பாணைக் கடித்துக்கொண்டு யன்னலால் பார்க்கும்போதும் ஏறத்தாழ இருட்டு. வந்த முதல் வருடம் என்னைக் குழப்பியது குளிரல்ல, கிழமை. பஞ்சாங்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தோடு தொடங்குகிறது. உதயமே இல்லாத ஊரில் வெள்ளி எப்போது முடிகிறது, சனி எப்போது பிறக்கிறது? அரைகுறை நோர்வே மொழியில் இதை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நான் ஓய்வு நாளைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று நினைத்து, என் தோளில் தட்டி, "சனிக்கிழமை வேலை இல்லை, நித்திரை கொள்ளலாம்" என்றார்.

எங்கள் மகள் பிறந்தது 1991 மார்கழியில், அந்த இருட்டின் நடுவில், ஓர் இரவு பத்தரை மணிக்கு. சாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை; நேரத்தைச் சரியாகக் குறிப்பதில் இருந்தது. நேரத்தையும் இடத்தையும் எழுதி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருந்த என் மூத்த சகோதரி சறோ அக்காவுக்கு அனுப்பினேன். யுத்தத்தால் தரைப்பாதை அடைபட்டிருந்ததால், கிளாலிக் கடலைத் தாண்டி வரும் ஆட்களின் கையில்தான் அப்போது கடிதம் போய்வந்தது. அக்காவிடமிருந்து திரும்பி வந்தது ஒரே ஒரு கேள்வி: பிள்ளை பிறந்த இடத்தில் அன்று சூரிய உதயம் எத்தனை மணிக்கு என்று சாத்திரியார் கேட்கிறார். இங்கே இப்போது சூரியன் உதிப்பதில்லை என்று, உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதற்குப் பிறகு நெடுநாள் ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்த ஒரு நண்பர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளையின் பெயர் 'தா' என்ற எழுத்தில் தொடங்க வேண்டுமாம் என்று அக்கா சொல்லியனுப்பியதைச் சொன்னார். தாரணி என்று பதிந்தோம்.

அக்கா சாத்திரியாரிடம் போனதே எனக்கு ஆச்சரியம். அவர் கணித ஆசிரியை. கிரகங்களோடு அவருக்குத் தீராத கோபம் ஒன்று இருந்தது. அவருடைய சாதகம் எத்தனையோ வீடுகளுக்குப் போய், போன வேகத்தில் திரும்பியது. 1983 புரட்டாதியில், நான் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்குச் சற்று முன்னர், அம்மா சனிக்கிழமைதோறும் எனக்காக விரதம் இருந்தார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்தும் வரைக்கும் தானும் உண்ணாமல் நிற்பார். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்து, "சனியன்ரை வாகனம் காகமெண்டது நல்லதுதான் அம்மா, பெற்றோல் செலவில்லை" என்பார். "வாயை மூடடி, அவருக்குக் கேக்கும்" என்று அம்மா பதறுவார். "கேக்கட்டும். என்ரை சாதகத்தைப் பாத்து ஓடின ஆக்களிலை அவரும் ஒராள்தானே" என்பது அக்காவின் பதில். 1988இல் அம்மா காலமானபோது நான் இங்கே அகதி முகாமில் இருந்தேன். வீட்டில் அக்கா தனித்துப்போனார்.

1993 வைகாசியில் தவம் எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தான். பண்டத்தரிப்பில் அக்காவின் வீட்டுக்குப் பின்வளவுக்காரன். மொஸ்கோ வழியாக வந்து சேர்ந்தவன். தேநீர் இடைவேளையில் கையுறையைக் கழற்றாமலே கதையைத் தொடங்கினான்.

"அண்ணை, உங்கடை அக்காவுக்கு ஆராவது சொல்லவேணும். சனிக்கிழமை எண்டால் அவ ஒருத்தரையும் கேக்கமாட்டா."

"ஏன், என்ன செய்யிறா?"

"எள்ளெண்ணெய் எரிக்கப் போறா. எங்கடை பக்கத்துக் கோயிலிலை நவக்கிரகம் இடிஞ்சு போச்சு. கடற்கரைப் பக்கமாக் கிடக்கிற சிவன் கோயிலுக்குத்தான் நடை. அந்த றோட்டாலை கடலிலை இருந்து அடிக்கிற ஷெல் விழுகிறது. ஐயர் கூட மணி அடிச்சுப்போட்டு ஓடிவந்திடுவார். இவ மட்டும் ஆறுதலா நிண்டு எரிச்சுப்போட்டு வருவா."

"அவ இதெல்லாம் நம்பிறவ இல்லையே தவம். ஆருக்கு எரிக்கிறா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உங்கடை பிள்ளைக்குத்தான் அண்ணை. பிள்ளைக்குக் கும்ப ராசி, ஏழரைச் சனியோடை பிறந்திருக்கு, தகப்பனுக்கும் கூடாதெண்டு சாத்திரியார் சொன்னவராம். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. அதோடு இன்னொன்றையும் சிரித்துக்கொண்டே சொன்னான். இங்கே சூரியன் உதிப்பதில்லை என்று நான் எழுதியதை அக்கா வாசித்துக் காட்டியபோது சாத்திரியார் கொதித்தெழுந்து விட்டாராம். "உன்ரை தம்பி என்னோடை பகிடி விடுறாரோ? சூரியன் இல்லாத இடத்திலை மனிசர் சீவிக்கேலுமோ?" என்று கேட்டு, யாழ்ப்பாணத்து உதயத்தையே எடுத்து, இங்கத்தைய பத்தரை மணியை அங்கத்தைய பத்தரை மணியாகவே வைத்துச் சாதகத்தை எழுதி முடித்துவிட்டார்.

நான் தேநீரைக் குடிக்கவில்லை. மாரியில் யாழ்ப்பாணக் கடிகாரம் இங்கத்தையதைவிட நாலரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. தாரணி பிறந்தபோது அங்கே விடியப்புறமாகி இருந்தது. அவ்வளவு நேரமும் வானத்தில் சந்திரன் சும்மா நின்றிருக்காது. பெர்கன் நகரில் இருந்த ஒருவரிடம் அந்த வருடத்துப் பஞ்சாங்கம் கிடந்தது. தபாலில் எடுத்துப் பார்த்தேன். பூரட்டாதி நட்சத்திரம் சரி. ஆனால் மூன்றாம் பாதம் கழிந்து நாலாம் பாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் பாதம் கும்ப ராசி, நாலாம் பாதம் மீனம். சனி அப்போது மகரத்தில் இருந்தது. கும்பத்துக்கு அது ஏழரையின் தொடக்கம். மீனத்துக்கோ பதினோராம் இடம், நல்ல இடம். பிள்ளைக்கு இல்லாத ஒரு தோசத்துக்காக என் அக்கா ஒன்றரை வருடமாக ஷெல் விழும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

இதை வாசிக்கும் சிலருக்குப் பரிகாரங்கள் மூடத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இங்குள்ள நூலகத்தில் சனிக் கிரகத்தின் வளையங்களைப் பற்றி வாசித்தவன் நான். பனியும் கல்லும் சேர்ந்த அந்த வளையம் ஒரு பிள்ளையின் காய்ச்சலை அறியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பரிகாரங்களைச் சற்று நின்று பாருங்கள். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பிடி எள்ளு, கறுப்புத் துணியில் ஒரு துண்டு, காகத்துக்கு ஒரு கவளம், நடக்க இயலாதவர் ஒருவருக்கு ஒரு நேரச் சாப்பாடு. பொருத்தமான வைத்தியனும் மருந்தும் இல்லாத இடத்தில், கையில் இருப்பதை எடுத்து, தூரத்தில் இருக்கும் ஒருவருக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்று துடிக்கும் மனிதர் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு கரண்டி எண்ணெயும் அப்போது எளியதாக இருக்கவில்லை. மின்சாரம் போய் வருடக்கணக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். நல்லெண்ணெய் கறிக்குக் கூடக் கிடைக்கவில்லை. ஷெல் விழுந்த நாட்களில் காகங்களும் ஊரைவிட்டுப் போய்விடும் என்றும், காகம் வந்து கொத்தும் வரைக்கும் அக்கா சாப்பிடுவதில்லை என்றும் தவம் சொன்னான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது வேறு. அக்கா பிறந்தது சதய நட்சத்திரத்தில். அதுவும் கும்ப ராசி. எங்கள் குடும்பத்தில் அப்போது சனியின் பிடியில் இருந்த ஒரே ஆள் அவர்தான். "தனக்கும் எரிக்கலாம்தானே?" என்று தவத்திடம் கேட்டேன். "நாங்களும் கேட்டனாங்கள் அண்ணை. கிடைக்கிற எண்ணெய் ஒராளுக்குத்தான் காணுமாம்" என்றான்.

கணக்கை எழுதிக் கொடுத்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினேன்: சாதகம் பிழை, பிள்ளைக்கு மீன ராசி, இனி அந்தத் தெருவால் போகவேண்டாம், முடிந்தால் கொழும்புக்கு வந்துவிடுங்கள், எரிப்பதானால் உங்களுக்கு எரியுங்கள். பதில் ஒலிநாடாவாக வந்தது. சைக்கிள் டைனமோவில் ரேப் றெக்கோடரைப் பூட்டி, யாரோ மிதிக்க மிதிக்க அக்கா கதைத்திருந்தார். மிதித்தவர் களைத்தபோதெல்லாம் பதிவின் வேகமும் பிசகியதால், நடுநடுவே அக்காவின் குரல் கீச்சிட்டுச் சின்னப் பிள்ளையின் குரலாகி, பிறகு பழையபடி இறங்கிக்கொண்டது.

"தம்பி, நீ அனுப்பின கணக்கைப் போட்டுப் பாத்தனான். நீ சொல்லுறது சரி. சாத்திரியாரிட்டையும் போய்ச் சொன்னனான், அந்தாள் இன்னும் சூரியன் உதிக்காதெண்டதை நம்பேல்லை. சரி, விடு. ஆனால் வாற சனிப் பெயர்ச்சியோடை மீனத்துக்கும் ஏழரை தொடங்குது. முந்தியே எரிச்சு வைச்சதெண்டு நினை. எனக்கு எரிக்கச் சொல்லுறாய். எனக்கேன் கோயிலிலை எரிப்பான், ஊரே எரியுது. கொழும்புக்கு வந்து நான் ஆற்றை வீட்டிலை குந்திறது? இஞ்சை பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. சனிக்கிழமை நான் நடக்கிறது சனியனுக்கெண்டு நினையாதை. அந்த நடையிலைதான் உன்னையும் பிள்ளையையும் நினைக்கிறன். மற்ற நாளிலை நினைக்க நேரமில்லை. மிதியடா, நிப்பாட்டாதை, இன்னும் முடியேல்லை..."

அந்த இடத்தில் குரல் விரைந்து கீச்சிட்டு, விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அவர் நடந்தார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். 1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்க, அக்காவின் ஊர் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டு, மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. தொலைக்காட்சியில் அந்தச் சனத்தை ஒரு கணம் காட்டினார்கள். குடை, சைக்கிள், தலையில் மூட்டை. மனைவி மலர் திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கொழும்பு நண்பர் கேட்டுப் பார்த்தார், தவம் தன் வீட்டாரிடம் விசாரித்தான். அவர்கள் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "சறோ ரீச்சர் எங்களோடைதான் வெளிக்கிட்டவ. பாலத்தடியிலை சனத்துக்குள்ளை விட்டிட்டம்" என்றதோடு அவர்களின் செய்தி நின்றது.

கார்த்திகையில் இங்கே இருட்டு இறங்கியது. சனிக்கிழமை ஒன்றில், மலரின் பழைய கறுப்புச் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, எள்ளை முடிந்து, கழுவிய மீன் தகரம் ஒன்றில் வைத்து எண்ணெய் விட்டேன். எண்ணெய் ஒஸ்லோவிலிருந்து வந்த சீனக் கடைச் சாமான். எள்ளை வறுத்துப் பிழிந்தது. "சனீஸ்வரன் கறி காச்சினமோ எண்டு நினைக்கப்போறார்" என்று மலர் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். வீட்டுக்குள் கொளுத்தினால் புகைமணி அலறும் என்பதால் பல்கனியில் பனியை விலக்கி வைத்து எரித்தேன். சதயம், கும்பம் என்று சொல்லி அக்காவின் பெயரைச் சொன்னேன். மத்தியானம்தான், தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு இங்கெர் தன் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டிய, தனியே வாழும் பெண். "யாருடைய நினைவுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். இங்கே மாரியில் கல்லறைகளில்தான் வெளியே விளக்கேற்றுவார்கள்.

"என் அக்காவுக்கு" என்றேன்.

"ஓ. எப்போது நடந்தது?"

ஒரு கிரகத்தின் கோபம் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தொடாமலிருக்க எரிக்கிறோம் என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. "அவர் எங்கே என்று தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். அவருடைய அண்ணன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவராம், உடலும் வரவில்லையாம். "கிடைக்காதவர்களுக்கும் ஏற்றத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு கிராவ்லீஸ். கல்லறையில் வைக்கும், மூடி போட்ட மெழுகுவிளக்கு. நான் வாங்குவதற்கு முன்னர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே பல்கனிக்குப் போய், எங்கள் தகரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துத் தானே கொளுத்தினார். என் கையை ஒரு தடவை இறுகப் பிடித்தார். பிறகு போய்விட்டார்.

மலர் பல்கனிக் கதவடிக்கு ஓடிவந்தாள். "உயிரோடை இருக்கிறவவுக்குச் செத்தாக்களின்ரை விளக்கோ? எடுத்து அங்காலை வையுங்கோப்பா!"

"அந்த மனிசி பாத்துக்கொண்டு நிப்பா மலர்."

"அப்ப எங்கடை மச்சாள்?"

அப்போது கடலிலிருந்து காற்று ஒன்று ஏறி வந்து தகரத்திலிருந்த சுடரை அணைத்தது. தீப்பெட்டியை எடுத்து உரசினேன், அணைந்தது. மறுபடி உரசினேன், அதுவும் அணைந்தது. மூடிக்குள் இருந்த இங்கெரின் சுடர் அசையவில்லை. மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்த மூடியைத் திறந்து, எள்ளு முடிச்சின் நுனியை உள்ளே பிடித்து, அக்காவின் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பற்றவைத்தேன்.