வித்தவுட்டின் கிண்ணத்தில் யார் கை வைத்தது

ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர்களுக்கென்று ஒரு ஓய்வறை உண்டு. அங்கே எங்களோடு வேலை பார்த்த மூத்த பரிசோதகர் ஒருவரை நாங்கள் எக்ஸ்ரே அக்கா என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயில் பெட்டியில் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரை அக்கா நடைபாதையிலிருந்தே காட்டினார். "குறட்டை வருது, ஆனா கால் ஆடுது பாரு" என்றார். எழுப்பிக் கேட்டால் அவர் கையில் முந்தைய நாள் டிக்கெட். அப்படியொரு கண்.

அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போக அக்காவால் முடியவில்லை, அதுதான் சங்கடம். கல்யாணமான புதிதில் கணவர் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அக்கா அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு வேறொரு கடைக்குக் கொண்டுபோய் அசல்தானா என்று காட்டினார். அசல் என்று தெரிந்ததும், அசலாகவே வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு மனிதர் என்ன தப்புச் செய்தார் என்று ஒரு வாரம் யோசித்தாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எண்ணெய்க் கையோடு எந்நேரமும் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார், பேச்சு குறைவு. மகன் வெளியூரில் வேலை. மருமகள் இவர்களோடு இருந்து ஒரு மருந்துக் கடைக்குப் போய்வந்தாள்.

நாய் வந்தது ரயிலில்தான். கடைசி நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டு போனபோது ஒரு இருக்கைக்கு அடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. டிக்கெட் இல்லாமல் வந்ததால் வித்தவுட் என்று பெயர். அக்கா பிடித்த கேஸ்களிலேயே அபராதம் கட்டாமல் தப்பியது அது ஒன்றுதான் என்பார்கள் எங்கள் ஆட்கள்.

முதலில் பாக்கெட் உணவுதான் போட்டார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்தது. அக்கா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். 'அனுமதிக்கப்பட்ட நிறம்' என்று போட்டிருந்தது. யார் அனுமதித்தார்கள், எங்கே அனுமதித்தார்கள் என்று எங்கள் ஓய்வறையில் ஒரு விசாரணைக் கமிஷனே நடந்தது. அரைத்தது, கலந்தது, ஒட்டி மூடியது எதையும் நம்பக் கூடாது என்று முடிவாகி, அன்றிலிருந்து வித்தவுட்டுக்குப் பச்சைக் கறி. கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டச் சொல்லி, எலும்பு தொண்டையில் சிக்கும் என்று அதையும் நீக்கச் சொல்லி, வெறும் கறியாக வாங்கி வருவார். நாய்க்கும் அது பிடித்துப்போயிற்று. முடி பளபளவென்று ஆனது.

சில மாதங்களில் அது முன்னங்காலை ஊன்ற யோசித்தது. கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். காலைத் தொட்டுப் பார்த்து, என்ன சாப்பாடு என்று கேட்டார். பச்சைக் கறி கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் எலும்பில்லாத கறியை மட்டும் தின்றால் கால்சியம் போதாது, வேறு சில சத்துகளும் குறையும் என்று சொல்லி, கறியில் கலந்து கொடுக்க ஒரு சத்துப் பொடியை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒரு கரண்டி, தலைதட்டி.

எழுதிக் கொடுத்த மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அதே டப்பா வரிசையாக இருந்தது. அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஊரில் இன்னும் இரண்டு மருத்துவர்களிடம் காட்டினார். இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். ஆக மூன்று பேரும் கூட்டு என்று எங்களிடம் வந்து சொன்னார்.

இருந்தாலும் நாய் நொண்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஊரின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத கடையில் அந்த டப்பாவை வாங்கினார். டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தும் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி இருந்ததாம். அப்போது ஒரு கணக்குப் போட்டார். எப்படியும் இதில் பாதி கலப்படமாகத்தான் இருக்கும், அப்படியென்றால் ஒரு கரண்டியில் அரைக் கரண்டி மருந்துதான் இருக்கும். ஆகவே தலைதட்டாமல், கோபுரம் மாதிரி குவித்துப் போட்டார்.

கால் கொஞ்சம் தேறியது. பிறகுதான் வேறொன்று ஆரம்பித்தது. வித்தவுட் ஓயாமல் தண்ணீர் குடித்தது. கறியை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. கிண்ணத்துக்குக் கழுத்தைத் தாழ்த்த அதற்கு வலித்தது. தோளைத் தொட்டால் முனகியது. விலா எலும்புகள் தெரிந்தன. அக்கா மறுபடியும் மருத்துவரிடம் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை பொடியை நிறுத்தச் சொன்ன மருத்துவர், வீட்டில் வேறு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா என்று கேட்டார்.

"எங்க வீட்டுல என் கண்ணுக்குத் தெரியாம ஒரு துரும்பு நகராது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

முடிவு வந்தது. ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. சில எலி மருந்துகள் தின்றாலும் இப்படி ஏறும், எதற்கும் கவனமாக இருங்கள் என்று மருத்துவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதாதா? பொடியை நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் நாய் மெலிந்துகொண்டே போனதால், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அக்கா நிச்சயம் பண்ணிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. சந்தேகப்படும் ஆளை உஷார்ப்படுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

முதலில் மாட்டியவர் மாடி வீட்டுக்காரர். நாய் குரைக்கிறது என்று ஒரு தடவை புகார் சொன்னவர், வேலையும் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில். போதாக்குறைக்கு வீட்டின் பின்புறம் வெள்ளை வெள்ளையாக ஏதோ துணுக்குகள் கிடந்தன. அக்கா அவற்றைக் கொண்டை ஊசியால் குத்தி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருத்துவர் மேஜையில் வைத்தார். மருத்துவர் முகர்ந்து பார்த்து, இது பாலில் ஊறிய ரொட்டி என்றார். மனிதர் குருவிகளுக்குப் போட்டிருக்கிறார். அக்காவுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் வித்தவுட்டின் கிண்ணத்தைக் கழுவும்போது விரலில் வழவழப்பு ஒட்டியது. எண்ணெய். முகர்ந்தால் மீன் வாடை. தான் போடுவது ஆட்டுக்கறி. அதில் மீன் எப்படி வந்தது? அப்படியானால் ஆள் வெளியில் இல்லை.

அன்று மாலை மருமகள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்ன டப்பியில் தேன் நிறத்தில் மெத்தென்ற உருண்டை மாத்திரைகள். டப்பியில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. நாய் முடி படுக்கையெல்லாம் ஒட்டுகிறது என்று மருமகள் எப்போதோ அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மருந்துக் கடையில் வேலை செய்பவளுக்கு எது எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? அன்று இரவு அவள் பரிமாறியதைச் சாப்பிடாமல், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் வழக்கம்போலச் சீருடை போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரை போய், சந்து வழியாகத் திரும்பி, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல். கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்.

மருமகள் வந்தாள். கிண்ணத்தை மேடையில் வைத்தாள். பையிலிருந்து டப்பியை எடுத்து, ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கறிமேல் பிழிந்தாள். பிறகு இன்னொன்று. அதற்குள் அக்கா பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கைய விரி" என்றார், ரயிலில் சொல்கிற அதே குரலில்.

மருமகள் கையை விரித்தாள். உள்ளங்கையில் எண்ணெய் வழிந்தது.

"என்னடி இது?"

"மீன் எண்ணெய் அத்தை. சுறா ஈரல்ல எடுக்கிறது. எலும்புக்கு நல்லதுன்னு கடையில நெறைய பேரு வாங்கிட்டுப் போவாங்க. இதுக்குக் கால் வலிக்குதேன்னுதான்..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போட விட மாட்டீங்க. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு சொல்லுவீங்க." பிறகு அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிடி இன்னும் தளரவில்லை. அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. "நான் விஷம் வைக்கிறேன்னு நெனச்சீங்களா அத்தை?"

அக்கா அவள் கையை விட்டார். ரயிலில் எத்தனையோ பேர் தன் முன்னால் வாயடைத்து நின்றதைப் பார்த்தவர், அன்று தானே அப்படி நின்றார்.

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து கணவர் வந்தார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள் என்ற தைரியத்தில் வந்தவர், சீருடையைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பொட்டலத்திலிருந்து தரையில் சிவப்பாகச் சொட்டியது.

"அது என்ன?"

"ஈரல்" என்றார் அவர், மென்று விழுங்கி. "கால் நொண்டுதேன்னு தினம் ஒரு துண்டு போட்டுட்டு இருந்தேன். இப்ப இளைச்சுப் போச்சேன்னு ரெண்டாக்கினேன்."

மருமகளும் அப்படித்தான் ஒன்றை இரண்டாக்கியிருந்தாள். ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது. அக்காவின் விசாரணைக்குப் பயந்து அவர்கள் இருவரும், யாரையும் நம்பாமல் அக்காவும், ஒரே கூரைக்கடியில் ஒளிந்து ஒளிந்து ஒரு நாயைக் கவனித்திருக்கிறார்கள்.

மூவருமாக வித்தவுட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேஜைமேல் பொடி டப்பா, மாத்திரை டப்பி, ஈரல் பொட்டலம். மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆளாளுக்கு நல்லதுதான் குடுத்திருக்கீங்க. ஆனா எல்லாம் ஒரே நல்லது. ஈரல்ல இருக்கிற வைட்டமின்தான் இந்த எண்ணெயிலயும் இருக்கு, பொடியிலயும் இருக்கு. மிச்சமானா வெளிய போகாது, உடம்புலயே தேங்கிடும். கழுத்து இறுகுறது, கால்சியம் ஏறுறது எல்லாம் அதனாலதான்." பிறகு டப்பாவுக்குள் இருந்த கரண்டியை எடுத்துக் காட்டினார். "இதை எப்படிப் போட்டீங்க? தலைதட்டியா, குவிச்சா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குவிச்சு."

மருமகள் திரும்பி ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

நாயை அங்கேயே வைத்துக்கொண்டு டிரிப் ஏற்றினார்கள். வீட்டில் நாய் இல்லாத அந்த நாட்களில் மருமகள் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், தன் அறையில் சாப்பிடுவாள். கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும். பொய் சொல்பவர்களை எப்படிப் பேச வைப்பது என்று முப்பது வருஷமாகப் படித்தவருக்கு, ஒன்றுமே ஒளிக்காமல் பேசாதிருப்பவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓய்வறையில் டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கைப்பையைத் திறந்த கதையை அப்போதுதான் என்னிடம் சொன்னார். மருமகளிடம் சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன். தெரியாமல் இருப்பதே நல்லது இல்லையா என்றார். இல்லை என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தாராம்.

"உன் பைய நான் திறந்து பாத்தேன். விஷம்னு நெனச்சேன்."

"தெரியும் அத்தை. அன்னைக்கு பையோட ஜிப்பு பாதி மூடாம கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லுவீங்க. அப்புறம் நீங்க சொல்ற எதையும் நான் நம்ப முடியாது. அதான் கேக்கல."

அக்கா ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவர் மடித்த துணியை மருமகள் பிரித்து மறுபடி மடித்தாள். அவர் மடித்தது கோணல்தான்.

வித்தவுட் திரும்பி வந்தது. உடம்பு தேறினாலும் கழுத்து பழையபடி வளையவில்லை. கணவர் ஒரு தையல் மெஷின் ஸ்டாண்டை அறுத்து, கிண்ணம் வைக்க உயரமாக ஒரு பீடம் செய்தார். மருத்துவர் கறியோடு அரைத்த எலும்பும் சேர்க்கச் சொன்னார். ஈரல் வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு, எண்ணெய் வேண்டவே வேண்டாம், பொடி அளவைத் தாண்டக் கூடாது. பொறுப்பை மருமகள் எடுத்துக்கொண்டாள். அவள் பொடியைக் கத்தியால் தலைதட்டும்போது அக்கா சமையலறை வாசலில் நிற்பார். பக்கத்தில் வர மாட்டார், போகவும் மாட்டார். "பாத்துக்கோங்க அத்தை" என்று அவள் கரண்டியை உயர்த்திக் காட்டுவாள். குத்தலா, கேலியா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கேலி என்றே எடுத்துக்கொண்டார். கணவர் ஈரல் வாங்கி வந்தால் வாசலிலேயே நின்று உரக்க அறிவிப்பார், ரயில் நிலைய ஒலிபெருக்கி மாதிரி.

போன வருஷம் மருமகள் கணவனோடு சேர்ந்து இருக்க வெளியூர் கிளம்பினாள். வித்தவுட்டின் கடைசி ரத்தப் பரிசோதனை சரியாக வரும்வரை பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அதற்குள் அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார்.

அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய பொடி பழையதைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதாகச் சொல்லி, என்னை முகரச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டப்பாவைப் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கறிக் கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நாய் காலடியில் காத்திருந்தது. போன் அடித்தது.

"அதேதான் அத்தை. போடுங்க."

அக்கா கத்தியை எடுத்துக் கரண்டியைத் தலைதட்டினார். கறியில் கலந்து பீடத்தின் மேல் வைத்தார்.