தேவைப்பட்டால் கொடுக்கவும்

போன மாதம் ஒரு மத்தியானம் என் மாமியாரிடமிருந்து போன். "ஹலோ"வுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தை, கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"சத்தமாப் பேச முடியாது மாலா. நீ நாளைக்கு வா."

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் அத்தையின் குரலைப் பற்றித் தெரியும். காளிகாட்டில் மாமாவோடு சேர்ந்து முறுக்கு, மிக்சர், இட்லிப்பொடி என்று கடை நடத்தியவர். வாடிக்கையாளர் யாராவது பையை மறந்துவிட்டுப் போனால் கடைக்குள்ளிருந்தே ஒரு கூப்பாடு போடுவார். தெருமுனையில் போகிறவர் திரும்புவார். அவருக்கு முன்னால் போகிறவரும் திரும்புவார். அப்பேர்ப்பட்ட குரல் கிசுகிசுக்கிறது என்றால்?

"உடம்புக்கு ஏதாவது...?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆளு வருது. வச்சிருதேன்."

அத்தை இப்போது பெஹாலாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு எடுத்த முடிவு. எங்கள் டாக்குரியா ஃபிளாட் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "என்னை மேல தூக்கி வச்சுட்டா அப்புறம் நான் தெருவையே பாக்க முடியாது" என்று அவரே இடம் பார்க்கச் சொன்னார். தரைத்தளம், சின்னத் தோட்டம், சுத்தமான சமையல். ஓர் அறைக்கு இரண்டு பேர்.

அந்த இரண்டாவது ஆள்தான் அணிமா மாசி. வங்காளி; மாசி என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. வேலை பார்த்த காலம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இப்போது ஞாபகம் கலைந்துபோய்விட்டது. காலையில் நன்றாக இருப்பார், அத்தையோடு சேர்ந்து முறுக்கைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவார். சாயங்காலம் ஆனால் போதும்... எழுந்துவிடுவார். "என் பை எங்கே? ட்யூட்டிக்கு நேரமாச்சு!" கதவைத் தட்டுவார், கத்துவார், அழுவார். இரவு வரை ஓயாது.

அத்தை பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் புலம்பினார். நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அத்தைக்குத் தூக்கமே இல்லை. ஏதாவது செய்யுங்களேன்."

செய்தார்கள். அடுத்த வாரமே அறை அமைதியாகிவிட்டது. அத்தை நன்றாகத் தூங்கினார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அமைதி எப்படி வந்தது என்று யாராவது கேட்டோமா? இல்லை. தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்றா கேட்கிறோம்? நின்றால்தானே கேட்போம்.

போன் வந்த மறுநாள் போனேன். சாப்பாட்டு நேரம். அணிமா மாசி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. வாய் ஓரமாக எச்சில். முன்னால் தட்டில் சோறும் மீன் குழம்பும் அப்படியே. கிட்டப் போய்ப் பார்த்தேன் — கன்னத்துக்குள் ஒரு கவளம் சோறு. விழுங்காமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார் அத்தை. அதே கிசுகிசுப்பு. "நேத்து காலையில பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டா. தையல் போட்டுக் கூட்டியாந்துருக்காவ. எப்பப் பாத்தாலும் தூக்கம். என்னைப் பாத்து யாருன்னு கேக்கா."

ஆயா வந்து — இங்கே பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு அதுதான் பெயர் — மாசியின் கன்னத்தைத் தட்டி எழுப்பி, வாயிலிருந்த சோற்றை விரலால் எடுத்தார். அன்பாகத்தான் எடுத்தார். "இப்பல்லாம் ரொம்ப நல்ல பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"அத்தை, நீங்க இதை மேனேஜர்கிட்ட சொல்லலையா?"

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாயந்தரம் ஒரு மாத்திரை குடுக்காவ, மாலா. சத்தம் போட்டா குடுக்காவ. நான் போய் சத்தம் போட்டு... எனக்கும் குடுத்துட்டா?"

'அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் செய்ய மாட்டார்கள்? அத்தை கோபப்பட்டுக் கத்தினால், அது கோபம் என்று யார் சொல்வார்கள்? எண்பதைத் தாண்டிய ஒருவர் முதியோர் இல்லத்தில் கத்தினால் அதற்கு ஒரே பெயர்தான் — பதற்றம். வெளியே நானும் நீங்களும் கத்தினால் அது நியாயம். உள்ளே அவர்கள் கத்தினால் அது நோய்.

"நான்தான கேட்டேன், ஏதாவது செய்யச் சொல்லி" என்றார் அத்தை. கண் கலங்கியிருந்தது. "நான் கேட்டது இதையா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார். "கொஞ்சம் பார்த்துப் பண்ணு மாலா. அந்தம்மாவுக்குப் பையன் இருக்கான். நாம யாரு நடுவுல? நாளைக்கு அம்மாவை வேற இடம் பாருங்கன்னு சொல்லிட்டா எங்க போறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். மறுநாள் காலையில் மேனேஜரைப் பார்க்க ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுகூட, திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

மேனேஜர் பெயர் பௌலோமி. கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். என்னைப் பௌதி என்பார், அண்ணி என்று அர்த்தம். நாங்கள் பேசியது வங்காளியில், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"பௌதி, டாக்டர் எழுதினதைத்தான் கொடுக்கறோம். எஸ்.ஓ.எஸ். போட்டிருக்கார். தேவைப்பட்டால் மட்டும்."

"தினமும் தேவைப்படுதா?"

"தினமும் கத்தறாங்களே."

"தேவைப்படுதுன்னு யாரு முடிவு பண்றது?"

"அந்த நேரத்துல ட்யூட்டியில இருக்கிற ஆயா."

"கத்தாத அன்னிக்கு?"

பௌலோமி கொஞ்சம் தயங்கினார். "கத்தறதுக்கு முன்னாடியே கொடுத்துடறாங்க பௌதி. சாயங்காலம் ஆள் கம்மி. ஒருத்தரைச் சமாளிக்கப் போனா இன்னொருத்தர் விழுந்துடுவாங்க." பிறகு மெதுவாக, "நீங்கதானே ஏதாவது செய்யச் சொன்னீங்க?"

சுருக்கென்று இருந்தது.

எஸ்.ஓ.எஸ். என்றால் நமக்கு என்ன? மூழ்குகிற கப்பலின் அபயக்குரல். மருந்துச்சீட்டில் அதே மூன்று எழுத்துக்கு அர்த்தம், வேண்டும்போது என்று. காய்ச்சல் மாத்திரைக்கு எழுதினால் குழப்பமில்லை. காய்ச்சல் வந்தவர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். மனதை அடக்கும் மாத்திரைக்கு எழுதினால்? அணிமா மாசி ஒரு நாளாவது அதைக் கேட்டாரா? கேட்டது என் அத்தை. கொண்டுபோய்ச் சொன்னது நான். கொடுத்தது ஆயா. எங்கள் மூன்று பேருக்கும் தேவைப்பட்டது. விழுங்கியது மட்டும் அவர்.

"அவங்க பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மா அமைதியா இருக்காங்கன்னு சொன்னோம். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

பையன் சௌமிக், புனேயில் வேலை. மாசிக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையின் போனுக்குத்தான் கூப்பிடுவார். சமீபமாக ஒவ்வொரு ஞாயிறும், "மா தூங்கறாங்க" என்று ஆயாவே வாங்கிச் சொல்லி வைத்துவிடுகிறார். அத்தை பக்கத்திலேயே இருந்தும் பேசவில்லை. பயம்.

அத்தையைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். கேட் அருகே, கட்டடத்திலிருந்து தள்ளி. சௌமிக்கின் எண்ணைப் போட்டு அத்தை கையில் கொடுத்தேன்.

முதலில் கிசுகிசுப்பாகத்தான் தொடங்கினார். நலம் விசாரித்தார். "அம்மா எப்படி இருக்காங்க மாசிமா? நல்லாத் தூங்கறாங்களாமே?" என்று சௌமிக் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

அத்தை கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு...

"உன் அம்மா தூங்கல சௌமிக்! தூங்க வைக்கிறாங்க! வாயில சோத்தோட தூங்க வைக்கிறாங்க! வந்து பாரு!"

காளிகாட் கடைக் குரல். கேட்டில் காவலுக்கு இருந்த தர்வான் எழுந்து நின்றுவிட்டார். ஜன்னலில் ஓர் ஆயா எட்டிப் பார்த்தார். அத்தையும் அவரைப் பார்த்துவிட்டார். ஆனால் போனை இறக்கவில்லை. விழுந்தது, தையல், எச்சில், யாரென்று கேட்டது — எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். போச்சு, இன்றைக்குச் சாயங்காலம் இவருக்கும் ஒரு மாத்திரை என்றுதான் நினைத்தேன்.

அன்று நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு வைத்து, சாப்பாடு முடிந்து, அத்தைக்கு வழக்கமான ரத்த அழுத்த மாத்திரை மட்டும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாளும் போனேன். சந்தேகம் ஒரு கெட்ட வியாதி. சிரித்த முகத்தோடு தண்ணீர் கொண்டுவந்த பெண்ணைக்கூட முறைத்துப் பார்த்தேன்.

சௌமிக் வந்தார். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒரு தடவை வீடியோவில் காட்டுங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவரே டாக்டரை வரவழைத்தார். என்னையும் அத்தையையும் கூட இருக்கச் சொன்னார்.

டாக்டர் வயதானவர், மழுப்பவில்லை. மாசியைச் சோதித்துப் பார்த்தார். பிறகு, "நான்தான் எழுதினேன்" என்றார். "முன்னாடி இவங்க காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த சமயம், பிதற்றல் ஜாஸ்தியா இருந்தது. அந்தச் சில நாளைக்காக எழுதினது. எப்போ நிறுத்தணும்னு எழுதல. அந்தப் பழைய சீட்டை வச்சு இன்னும் கொடுக்கறாங்களான்னு நான் கேட்கவும் இல்ல."

இந்த வகை மாத்திரை ஞாபகம் தவறிய வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், விழுங்குவதைக் கெடுக்கும் என்றார். படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இனிமேல் கொடுப்பதென்றால் முதலில் தனக்குப் போன் செய்ய வேண்டும், வலியா, மலச்சிக்கலா, பசியா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும், மகனுக்கும் தெரிய வேண்டும் என்று பௌலோமியிடம் சொன்னார். பௌலோமி தலையாட்டினார். அவர் முகத்தில் கோபத்தைவிட நிம்மதி அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. யாராவது ஒருவர் இப்படித் தெளிவாகச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாரோ என்னவோ.

"ஆனா சாயங்காலம் மட்டும் ஏன் இப்படி?" என்று சௌமிக் கேட்டார்.

அத்தைதான் வாயைத் திறந்தார். "அப்பத்தானே ஆயாக்களுக்கு ட்யூட்டி மாறுது. ஒவ்வொருத்தியும் பையை மாட்டிக்கிட்டு எங்க ரூம் வாசல் வழியாத்தான் போறா. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் போகலையேன்னு இவளுக்கு இருக்காதா?"

டாக்டர் எழுந்து போய் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது அந்த நேரத்தில் மாசியைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப் போய் டீ கொடுக்கிறார்கள். அத்தையும் கூடப் போகிறார். எல்லாம் சரியாகிவிட்டதா? சினிமாவில்தான் அப்படி ஆகும். பல நாள் டீயோடு முடிந்துவிடுகிறது. சில நாள் பழைய கத்தல். அத்தைக்குத் தூக்கம் கெடுகிறது, என்னிடம் திட்டித் தீர்க்கிறார். வேறு அறை கேட்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். "நான் போயிட்டா இங்க என்ன நடக்குதுன்னு யாரு பாப்பா?"

அத்தைக்கு யாரும் எதுவும் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் நான் இப்போது நாள் சொல்லாமல், நேரம் சொல்லாமல் போகிறேன். பயம் முழுக்கப் போகவில்லை. என் முறை வரும்போது எனக்காகக் கத்துவதற்குப் பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பார்கள் என்ற யோசனை வேறு சேர்ந்துகொண்டது.

இந்த வாரம் போயிருந்தபோது, ஹாலில் ஜன்னலோரம் அத்தைக்கு அடுத்த அறையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை, வாரிய தலை. நல்ல வெயில் நேரம். தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் டீ ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது.

"அவர் எப்பவும் அப்படித்தான் பௌதி" என்றார் பௌலோமி. "ரொம்ப அமைதியானவர்."

"பார்க்க யாராவது வருவாங்களா?"

"தம்பி ஒருத்தர். பூஜை லீவுல வருவார், எல்லா வருஷமும் இல்ல."

கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பையை மறுபடி கீழே வைத்தேன்.

"அவருக்கும் எஸ்.ஓ.எஸ். ஏதாவது எழுதியிருக்கா?"

பௌலோமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும் பௌதி?"

"பக்கத்து ரூம்" என்றேன்.