மணல் சுவரில் ஒரு பழைய நடுக்கம்

ஆர்மீனியாவில் நிலம் குலுங்கியபோது ஷூஷனுக்குப் பதினாறு வயது. ரொட்டிக்காகத் தெருவில் வரிசையில் நின்றதால் தப்பித்தாள். பள்ளிக்கூடம் போன தம்பி அர்மாய்ஸ் வீடு திரும்பவில்லை.

அம்மா அவளை அழைத்துக்கொண்டு லாட்வியாவில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். "இங்க மலையே கிடையாதுடி. நிலம் ஆடாது," என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஷூஷன் அந்த ஊரிலேயே காலூன்றினாள். அந்த ஊர்க்காரன் வில்னிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். மணல் குவாரியில் மணலை அள்ளிக் கொட்டும் லோடர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தம்பியைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

பல வருடம் கழித்து ஒரு செப்டம்பரில், மண்ணடுக்குகளை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து சர்மீத்தே என்ற பெண் குவாரிக்கு வந்தாள். ஷூஷன் அன்று வெட்டியிருந்த மணல் சுவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையை ஆட்டினாள்.

"அக்கா, நிறுத்துங்க! அந்தப் பக்கம் தொடாதீங்க!"

மேலும் கீழும் படுக்கையாக ஓடிய மணல் வரிகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும், பிசைந்து போட்ட மாவைப்போல் சுருண்டு மடிந்து கிடந்தது.

"பனியுகத்து ஏரி இது, பத்தாயிரம் வருஷத்துக்கும் முந்தினது. அடியில ஈர மணல். பூமி ஆடினதும் கூழாயிடுச்சு," என்றாள் சர்மீத்தே.

ஷூஷன் எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"பெட்டியை எடு," என்றாள் வில்னிஸிடம். "இங்கயும் ஆடியிருக்கு."

"எப்போ?"

"பனியுகத்துல."

"அடியே, அதுக்கா இப்போ பெட்டி கட்டுற?" சிரிக்க ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கருப்பு ரொட்டியை வெட்டி அவள் முன் வைத்தான். "போய் அந்தப் பொண்ணையே கேளு. கேட்டுட்டு சொல்லு. கட்டணும்னா நானே கட்டுறேன்."

மறுநாள் அவள் சர்மீத்தேயிடம் கேட்டாள்.

"மணல் தானா சரிஞ்சும் இப்படி ஆகியிருக்கலாமே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் அக்கா. ஆனா தூரத்துல இருக்கற இன்னும் ரெண்டு குவாரியிலயும் அதே மட்டத்துல இதே மடிப்பு இருக்கு. பனி மலைமாதிரி இந்த மண்ணை அமுக்கி வச்சிருந்துச்சு. உருகினதும் பாரம் குறைஞ்சு நிலம் எழும்பிச்சு. அப்போதான் ஆடியிருக்கணும்."

"மறுபடி ஆடுமா?"

"ஆடவே ஆடாதுன்னு சொன்னா பொய். ஆனா அந்தப் பாரம் போய் ரொம்பக் காலமாச்சு. இப்போ வந்தா சின்னதாத்தான் வரும், அதுவும் எப்பவாவது. மடிப்புக்கு மேல பாருங்க, மணல் எவ்வளவு அமைதியா படுத்திருக்குன்னு."

ஷூஷன் பார்த்தாள். குலைந்த பட்டைக்கு மேல் அவள் உயரத்துக்கும் கூடுதலாக, கோடு கோடாக, ஒரு நெளிவும் இல்லாத மணல். ஆறுதலுக்காக இந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பெட்டி பரண்மேலேயே இருந்தது. குவாரி முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சுவரை விட்டுவைக்கச் சம்மதித்தார்.

வசந்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்க்க வந்தார்கள். சர்மீத்தே விளக்கி முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "ஆடும்போது எப்படி இருக்கும் டீச்சர்?"

சர்மீத்தே நிலநடுக்கத்தை அனுபவித்ததில்லை. லோடரிலிருந்து ஷூஷன் இறங்கி வந்தாள்.

"முதல்ல சத்தம் வரும் கண்ணு. லாரி போற மாதிரி," என்றாள். "எனக்கு அர்மாய்ஸ்னு ஒரு தம்பி இருந்தான்..."

பிள்ளைகள் மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். தம்பியின் குறும்புகளையும், அவன் காக்காய் மாதிரி கத்துவதையும், அந்த டிசம்பர் காலையையும் அவள் சொன்னாள். பிறகு மேஜைக்கடியில் எப்படிப் புகுந்து தலையை மூடிக்கொள்வது என்று, அத்தனை பேரையும் லோடர் வாளிக்குக் கீழே குந்தவைத்துக் காட்டினாள்.

"அவன் எப்படிக் கத்துவான்? கத்திக் காட்டுங்க!" என்றாள் அதே சிறுமி.

ஷூஷன் கத்திக் காட்டினாள். குவாரியே சிரித்தது.